மஞ்சள் கறை படிந்த புத்தகம்

உங்கள் வீட்டில் சமையல் புத்தகம் எத்தனை இருக்கிறது? எண்ணிப் பாருங்கள். கல்யாணத்துக்கு யாரோ கொடுத்தது, புத்தகக் கண்காட்சியில் பத்து சதவீதக் கழிவுக்காக வாங்கியது, பத்திரிகையோடு இலவசமாக வந்து அலமாரியிலேயே தங்கிவிட்டது, எல்லாவற்றையும் சேர்த்துத்தான். அடுத்த கேள்வி கொஞ்சம் சங்கடமானது. அதில் எத்தனை புத்தகத்தில் மஞ்சள் கறை இருக்கிறது?

சமையல் புத்தகத்துக்கு விமரிசனம் எழுத வேண்டியவர்கள் என்னைப் போன்றவர்கள் இல்லை. அந்தக் கறைதான் எழுதுகிறது. ஈரக்கை பட்டு ஓரம் சுருங்கின பக்கம், எண்ணெய் பட்டுப் பின்பக்கத்து எழுத்து தெரிகிற தாள், ரசப்பொடி பக்கத்தில் அடையாளத்துக்கு வைத்த பால் பாக்கெட் அட்டை... இவை இருந்தால் அந்தப் புத்தகம் தேறிவிட்டது. வழவழப்பான தாளில், ஆரஞ்சு நிறக் குழம்பின்மேல் ஒற்றைக் கொத்தமல்லி இலை மிதக்கும் படத்தோடு, வாங்கின நாள் மாதிரியே பளபளவென்று இருந்தால் அது சமையல் புத்தகம் இல்லை. காலண்டர்.

இப்படி ஏன் ஆகிறது என்று யோசித்தால் காரணம் எளிது. புத்தகக் கடையில் நிற்கும்போது நமக்குள் இருக்கும் ஞாயிற்றுக்கிழமை ஆசாமி முழித்துக்கொள்கிறான். அவனுக்கு நேரம் ஏராளம். ஷாஹி ஏதோ, முகலாய் ஏதோ, பதினெட்டு சாமான், மூன்று தடவை அரைப்பு, எல்லாம் செய்துவிடலாம் என்று அவன் நினைக்கிறான். பணத்தைக் கொடுப்பவன் அவன். ஆனால் சமைக்கப் போகிறவர் செவ்வாய்க்கிழமைக்காரர். ராத்திரி ஏழு மணி. வீட்டில் பாதி சுரைக்காய், மூன்று தக்காளி, நேற்று வேகவைத்ததில் மிச்சம் கொஞ்சம் பருப்பு. இட்லி மாவு தீர்ந்துவிட்டது. பையன் பசிக்கிறது என்று இரண்டு தடவை வந்துவிட்டுப் போய்விட்டான். இந்த நேரத்தில் 'முந்திரியை முந்தின இரவே ஊறவைக்கவும்' என்று ஒரு புத்தகம் ஆரம்பித்தால் அதைத் தூக்கி எறியத்தான் தோன்றும்.

ஆகவே அன்றாடச் சமையலுக்கு நல்ல புத்தகம் எது என்று கேட்டால், கேள்வியைச் சற்றுத் திருப்பிப் போட வேண்டும். இந்தப் புத்தகம் என் வீட்டில் என்னென்ன இருக்கும் என்று எதிர்பார்க்கிறது? சாமானில் மட்டுமில்லை, நேரத்தில், நெருப்பில், காசில், கைப்பழக்கத்தில். எதிர்பார்ப்பு எவ்வளவு குறைவோ, கறை படிய அவ்வளவு வாய்ப்பு.

*

சமையல் குறிப்புகள் அரண்மனைகளில் எழுத்தில் ஏறியதுண்டு. தஞ்சாவூர் சரசுவதி மகாலில் 'சரபேந்திர பாகசாஸ்திரம்' என்று ஒன்று உண்டு. 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி காலத்து மடைப்பள்ளிச் சமாசாரம். படிக்க சுவாரஸ்யம். ஆனால் ராஜா வீட்டில் செவ்வாய்க்கிழமையே கிடையாது. பாதி சுரைக்காய் மிஞ்சியிருக்கிறதே என்று எந்த மகாராணியும் கவலைப்பட்டதில்லை.

வீட்டுச் சமையலைப் புத்தகத்துக்குக் கொண்டுவந்தவர்களில் இங்கிலாந்தின் மிசஸ் பீட்டன் முக்கியமானவர். 1861ல் அவருடைய குண்டுப் புத்தகம் வந்தபோது அம்மணிக்கு வயது இருபத்தைந்துதான். குறிப்புகளில் பெரும்பகுதி மற்றவர்களிடமிருந்து எடுத்தவை. கேரட்டை இரண்டு மணி நேரம் போலக் கொதிக்கவிடச் சொல்கிறார் (பாவம் கேரட்). ஆனால் ஒரு காரியம் செய்தார். ஒவ்வொரு குறிப்போடும் சாமான் பட்டியல், எவ்வளவு நேரம், எத்தனை பேருக்கு, என்ன செலவு, எந்தப் பருவத்தில் கிடைக்கும் என்று தனித்தனியே கொடுத்தார். நூற்று அறுபது வருஷத்துக்குப் பிறகு நம் கடைகளில் இருக்கும் தமிழ்ச் சமையல் புத்தகங்களைப் புரட்டிப் பாருங்கள். எத்தனை பேருக்கு என்பது இருந்தாலே அதிர்ஷ்டம். செலவும் பருவமும் அநேகமாக இருக்காது. முருங்கைக்காய் தங்க விலை விற்கிற மாதத்தில் முருங்கைக்காய் சாம்பார் சொல்கிற புத்தகம், மார்க்கெட்டுக்குப் போகாத புத்தகம்.

தமிழில் இந்த வேலையை ஒழுங்காகச் செய்தவர் எஸ். மீனாட்சி அம்மாள். 'சமைத்துப் பார்' முதல் பாகம் 1951ல் வந்தது. சின்ன வயசிலேயே கணவரை இழந்து, ஒரு பெரிய குடும்பத்தின் சமையலறையைச் சுமந்தவர். உறவுக்காரப் பெண்கள், கல்யாணமாகி வெளியூர் போனவர்கள், 'அதை எப்படிப் பண்ணுவது?' என்று கேட்டபடி இருக்க, மாமா கே.வி. கிருஷ்ணசாமி ஐயர்தான் புத்தகமாகவே எழுதிவிடேன் என்றாராம். எழுதினார். 1962ல் மறைந்துவிட்டார். புத்தகம் மறையவில்லை. டெல்லிக்கும் டெட்ராய்ட்டுக்கும் பெட்டியில் ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் போன தமிழ்ப் புத்தகம் இது.

பலபேர் இதை வாழ்த்தும்போது 'பாட்டி கைமணம்' என்கிறார்கள். கைமணத்தை அச்சடிக்க முடியாது. இந்தப் புத்தகம் ஜெயித்த காரணம் வேறு. எழுதியவர் கேள்வி கேட்ட பெண்ணை மனசில் வைத்துக்கொண்டு எழுதினார். எதை முதலில் போடுவது, எப்போது அடுப்பைத் தணிப்பது, என்ன வாசனை வந்தால் இறக்குவது என்று வரிசையாகச் சொன்னார். கல்யாணமான புதிதில் ரசம் வைக்கத் தெரியாத பெண் தனக்குத் தெரியாது என்று வெட்கப்படாமல் படிக்கலாம். அதுவும் முதல் பாகம் குழம்பு, ரசம், கூட்டு, கறி என்று அன்றாடத்துக்கு இடம் கொடுக்கிறது. பண்டிகையும் விசேஷமும் பின்னால் வருகின்றன. அதாவது செவ்வாய்க்கிழமைக்கு முதல் மரியாதை.

குறையே இல்லையா? இருக்கிறது. ஒரு சமூகத்தின், சைவமான, வசதி கொஞ்சம் உள்ள வீட்டின் சமையலறை அது. மீன் குழம்பையும் கருவாட்டையும் அதில் தேடக் கூடாது. தவிர, அது ஆழாக்கு, பலம், ரூபாய் எடை காலத்துப் புத்தகம். மெட்ரிக் சட்டம் வந்தது 1956ல். ரூபாய் எடை என்றால் பழைய வெள்ளி ரூபாயின் எடை, 11.66 கிராம். மூன்று ரூபாய் எடை ஒரு பலம். சுமார் 35 கிராம். இன்றைக்குப் புதிதாகச் சமைக்க வருகிறவர், பர்ஸில் இருக்கும் ரூபாயை எடுத்து நிறுத்துப் பார்த்தால் குழம்பு கோவிந்தா. இந்தக் கணக்கை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி முதல் பக்கத்தில் ஒட்டிவிட்டால் பிரச்னை தீர்ந்தது.

*

அளவு என்றதும் ஒரு சின்ன சுற்று சுற்றிவிட்டு வரலாம். 1896ல் அமெரிக்காவில் ஃபேனி ஃபார்மர் என்ற பாஸ்டன் பெண்மணி, ஸ்பூனிலும் கோப்பையிலும் தலைதட்டித்தான் அளக்க வேண்டும் என்று விதி போட்டார். அதற்குமுன் 'ஒரு கை மாவு, முட்டை அளவு வெண்ணெய்' என்றுதான் அங்கேயும் வழக்கம். நம் ஊரில் அந்த வழக்கம் இன்னும் ஜோராக இருக்கிறது. எலுமிச்சை அளவு புளி. நெல்லிக்காய் அளவு வெல்லம். கொட்டைப்பாக்கு அளவு, சுண்டைக்காய் அளவு...

இதைக் கேலி செய்ய நான் தயாரில்லை. தராசு இல்லாத வீட்டில் இதைவிட நல்ல அலகு கிடையாது. எலுமிச்சம்பழத்தைத் தெரியாத தமிழ்க் குடும்பம் உண்டா? ஆனால் இந்த அலகு பாதிதான் சொல்கிறது. புதுப்புளி ஒரு மாதிரி, பழம்புளி ஒரு மாதிரி. புது அரிசிக்குத் தண்ணீர் கம்மி, பழைய அரிசிக்கு ஜாஸ்தி. ஒரு ஸ்பூன் கல் உப்பும் ஒரு ஸ்பூன் தூள் உப்பும் ஒரே எடை இல்லை. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் காற்று இருக்கிறது. ஆகவே அளவு சொல்கிற புத்தகம் கூடவே அடையாளத்தையும் சொல்ல வேண்டும். 'பச்சை வாசனை போகும்வரை', 'எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்கும்போது', 'நுரை கட்டியதும், கொதிக்கவிடாமல்'. இந்த மாதிரி வாக்கியங்கள் எத்தனை இருக்கின்றன என்று கடையிலேயே நின்று எண்ணுங்கள். 'பத்து நிமிடம் வதக்கவும்' என்று மட்டும் இருந்தால், யார் வீட்டு அடுப்பில் பத்து நிமிடம் என்று கேட்கத் தோன்ற வேண்டும்.

இரண்டாவது வகைப் புத்தகம் 'நூறு வகை', 'முப்பது வகை' ஜாதி. நூறு கிரேவி, நூறு சூப், முப்பது வகை வாழைப்பூ. பெண்கள் பத்திரிகைகளோடு இணைப்பாக வருவதும் இதில் சேர்த்தி. மல்லிகா பத்ரிநாத் எண்பதுகளின் கடைசியில் கிரேவிகளில் ஆரம்பித்து இப்படிப் பொருள்வாரியாகப் போட்ட சின்னப் புத்தகங்கள் நிறைய வீடுகளில் உண்டு. கச்சிதம்; அளவுகள் தெளிவு; விலையும் சகாயம். ஆனால் இவை எல்லாமே இரண்டாவது புத்தகங்கள். அடிப்படை தெரிந்தவர்களுக்கு அலுப்புத் தட்டாமல் இருக்க உதவுவன. முதல் புத்தகமாக வாங்கினால், கிரேவி நூறு வகை தெரியும், சாதம் குழையாமல் வடிக்கத் தெரியாது என்கிற விசித்திர நிலைமை வரும்.

மூன்றாவது வகை, ஒரே ஒரு மனுஷியின் சமையலைப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டது. சென்னையைச் சேர்ந்த ஜிக்யாசா கிரி, பிரதிபா ஜெயின் இருவரும் 2005ல் ஆங்கிலத்தில் கொண்டுவந்த பெத்தத்தாவின் ஆந்திரச் சமையல் புத்தகம் இப்படிப்பட்டது. பெத்தத்தா என்பது முன்னாள் ஜனாதிபதி வி.வி. கிரியின் மூத்த பெண். பொடியும் பச்சடியும் பருப்பும்தான் விஷயம். சர்வதேசப் பரிசெல்லாம் வாங்கியது. பரிசை விடுங்கள். ஒரு சமையலறையின் தர்க்கம் அதில் முழுசாக இருக்கிறது. அதைத்தான் கவனிக்க வேண்டும். இந்த மூன்றாவது வகைக்குக் கொஞ்சம் கழித்துத் திரும்ப வருகிறேன்.

*

இதுவரை சொன்ன எல்லாப் புத்தகங்களும் ஒன்றைச் சொல்லாமலே எடுத்துக்கொள்கின்றன: மாடியிலிருந்து இறங்கினால் ஒரு கடை இருக்கும். தீர்ந்துபோனால் ஆள் அனுப்பலாம், இப்போது போனில் அழுத்தினால் பத்து நிமிஷத்தில் பையன் வந்து நிற்பான். கடை இல்லாத இடத்துக்குப் புத்தகத்தைக் கொண்டுபோனால்தான் அதன் நிஜ எடை தெரியும். ஆகவே ஒரு பரீட்சை வைப்போம். புத்தகத்தைக் கற்பனையில் சித்தேரிக்கு எடுத்துப் போங்கள்.

சித்தேரி தர்மபுரி மாவட்டத்தில், அரூர் பக்கத்து மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் துண்டு. கல்வராயனுக்கும் சேர்வராயனுக்கும் சொந்தக்காரன். மலைமேல் சின்னச் சின்ன ஊர்களாகச் சிதறி வாழ்கிறவர்கள் பழங்குடி மலையாளிகள். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்கிறவர்கள் என்ற அர்த்தத்தில் மலையாளி, பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று இவர்களிடையே வழங்கும் கதையை எட்கர் தர்ஸ்டன் 1909லேயே எழுதி வைத்திருக்கிறார். விளைவது சாமை, கேழ்வரகு, கொஞ்சம் நெல், இப்போது மரவள்ளி. கூடவே அவரை, மொச்சை, துவரை, கொள்ளு.

மாங்குடி கிழார் பாடிய புறநானூற்று 335ஆம் பாட்டு, உணவென்று நான்கைத்தான் கணக்கில் எடுக்கிறது: வரகு, தினை, கொள், அவரை. இரண்டு தானியம், இரண்டு பருப்பு. இரண்டாயிரம் வருஷ மளிகைப் பட்டியல். சித்தேரிச் சமையலறையின் வாசலில் நின்று பார்த்தால் பட்டியல் பெரிசாக மாறவில்லை என்று தோன்றும். மாற்றம் வந்தது ரேஷனில்.

2011 ஜூனிலிருந்து தமிழ்நாட்டு ரேஷனில் அரிசி இலவசம். 2007லிருந்து குறைந்த விலையில் துவரம்பருப்பும் பாமாயிலும் சேர்ந்தன. ஆக ஒரு சராசரி மலைவீட்டின் அலமாரி, அதாவது தமிழ்நாட்டின் லட்சக்கணக்கான வீடுகளின் அலமாரி: அரிசி, துவரம்பருப்பு, பாமாயில், சர்க்கரை, இதோடு தோட்டத்துக் கீரை, ஒரு தானியம், புளி, மிளகாய். இனிமேல் கையிலிருக்கும் சமையல் புத்தகத்தைத் திறந்து இதை வைத்து எத்தனை பக்கம் சமைக்க முடியும் என்று பாருங்கள். பாமாயில் என்ற வார்த்தை இருக்கும் சமையல் புத்தகம் ஒன்று காட்டுங்கள், நான் வாங்கிக்கொள்கிறேன். எல்லாரும் நல்லெண்ணெயில் தாளிக்கிறார்கள், நெய்யில் முடிக்கிறார்கள். நாடே வாங்கும் எண்ணெய் அச்சில் மட்டும் தீண்டத்தகாதது.

நெருப்பு அடுத்தது. மலைமேல் ஆயிரம் மீட்டர் உயரத்தில் தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்காது. ஏறக்குறைய 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். உயரம் முந்நூறு மீட்டர் ஏறினால் ஒரு டிகிரி போகும். மூன்று டிகிரிதானே என்று நினைக்காதீர்கள். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேகிறபோது அந்த மூன்று டிகிரி தெரியும். குக்கரில் அழுத்தம் கூடுவதால் பெரிசாகத் தெரியாது. குக்கர் இல்லாத வீட்டில், விறகில், 'பருப்பை இருபது நிமிடம் வேகவைக்கவும்' என்ற வாக்கியம் வெறும் ஆசீர்வாதம். 'விரலால் நசுக்கினால் மசிய வேண்டும்' என்ற வாக்கியம் சென்னையிலும் சித்தேரியிலும் ஒன்றுபோல் வேலை செய்யும். அடையாளம் சொல்கிற புத்தகம் மலை ஏறும் என்று சொல்ல இதுதான் காரணம். 'சமைத்துப் பார்' பாதி மலை ஏறிவிடுகிறது. நூறு வகை கிரேவி அரூர் பஸ் ஸ்டாண்டிலேயே நின்றுவிடும்.

*

நீங்கள் உடனே கேட்பீர்கள்: சாமை, தினை, வரகு என்றுதான் இப்போது ஏகப்பட்ட சிறுதானியச் சமையல் புத்தகம் வருகிறதே, அது சித்தேரிக்குப் பொருந்துமே?

2023ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டு என்று அறிவித்தது. அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே அலை ஆரம்பித்து, புத்தகங்களும் வந்து குவிந்தன. கடைகளில் கண்ணில் படுவதைப் புரட்டினால் பொதுவாக இப்படி இருக்கிறது: சாமைப் புலாவ், தினை லட்டு, வரகுக் கட்லெட், குதிரைவாலிப் பாயசம், கேழ்வரகு கேக், இன்னும் தைரியசாலிகளிடம் கம்பு பீட்சா. அரிசியிலும் மைதாவிலும் செய்வதை எல்லாம் பெயரை மட்டும் அடித்துவிட்டு எழுதினால் ஒரு புத்தகம். சாமைக்குச் சொந்தமாக ஒரு சமையல் இருந்தது, அது பல தலைமுறை ஓடி வந்தது என்பதற்கு அதில் சாட்சியே இல்லை. வீட்டுக்காரனை அழைத்து வந்து, விருந்தாளி சட்டையை மாட்டி, போட்டோ எடுத்த மாதிரி.

இந்தப் புத்தகங்கள் மேல் எனக்கு இருக்கும் குறைகள் மூன்று.

ஒன்று, கல் அரித்தல். சாமை மிகச் சின்னத் தானியம். அதே அளவு மணலும் கூட வரும். தண்ணீரில் போட்டுச் சுழற்றி, தானியத்தை மேலாக வாரி எடுத்து, கல்லை அடியில் தங்கவிட்டு அரிக்க வேண்டும். இது ஒரு கை வித்தை. தெரியாமல் ஆக்கினால் முதல் வாயிலேயே சாமையை வெறுத்துவிடுவீர்கள். புத்தகத்தில் இது பற்றி ஒரு வரி இருக்காது. ஏனென்றால் எழுதியவர் சூப்பர் மார்க்கெட்டில் சுத்தம் செய்த பாக்கெட் வாங்கினார். அந்த பாக்கெட் வெள்ளை வெளேரென்று இருந்தால் தவிடும் போய்விட்டது, எதற்காக வாங்கினோமோ அதில் பாதியும் போய்விட்டது என்பதையும் அவர் சொல்வதில்லை.

இரண்டு, உமி. கேழ்வரகுக்கு உரிக்க வேண்டிய உமி இல்லை. கழுவிக் காயவைத்து அரைத்தால் மாவு. சாமைக்கு உண்டு. உரலில் போட்டு உலக்கையால் குத்திப் புடைக்க வேண்டும். ஒரு குடும்பத்துக்கு ஒரு வேளைச் சோறு என்றால் அதற்கு முன்னால் ஒரு பெண்ணின் தோள்பட்டை இருக்கிறது. இலவச அரிசி வந்ததும் சாமை ஏன் பின்வாங்கியது என்று ஆரோக்கியச் சொற்பொழிவாளர்கள் வருத்தப்படுகிறார்கள். உலக்கையை இரண்டு நாள் பிடித்துப் பார்த்தால் வருத்தம் குறையும். கொல்லிமலையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இதைச் சரியாகப் பிடித்தது. பிரசங்கம் செய்வதோடு நிற்காமல் ஊர்க் குழுக்களுக்குச் சின்ன அரவை மெஷின் கொடுத்தது. சமையல் குறிப்பு 'ஒரு கப் சாமை' என்று ஆரம்பிப்பதற்கு முன்னால் இவ்வளவு நடக்கிறது.

மூன்று, அட்டை. 'சர்க்கரை ஓடிப் போகும்', 'மருந்தில்லா வாழ்வு' என்று போடுகிறார்கள். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி நூறு கிராம் அரிசியில் மாவுச்சத்து சுமார் 78 கிராம், சாமையில் சுமார் 65. நார்ச்சத்து சாமையில் கூட. நல்ல வித்தியாசம்தான், மறுக்கவில்லை. ஆனால் சாமையும் சோறுதான். மூன்று தட்டு சாமை சாப்பிட்டுவிட்டு மாத்திரையை நிறுத்தினால் ஆஸ்பத்திரியில்தான் அடுத்த சாப்பாடு. வியாதி தீரும் என்று அட்டையில் போட்ட சமையல் புத்தகத்தைக் கீழே வைத்துவிடுங்கள். ருசியைப் பற்றி அதற்குச் சொல்ல ஒன்றுமில்லை என்பதால்தான் பயமுறுத்துகிறது.

சரி, சாமையை எப்படித்தான் ஆக்குவது என்பவர்களுக்கு: ஒரு பங்குக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும், அரித்த சாமையைப் போட்டுக் கிளறிவிட்டு, தண்ணீர் சுண்டி மேலே குழி குழியாகத் தெரியும்போது மூடி, நெருப்பைத் தணித்து விட்டுவிட வேண்டும். அரிசியைவிடச் சீக்கிரம் வெந்துவிடும். இறக்கியதும் தொடாதீர்கள், பத்து நிமிஷம் மூடியே இருந்தால் உதிரியாக வரும். அவரைக்கொட்டைக் குழம்போ கீரைக் கடைசலோ போதும். மிஞ்சினால் தண்ணீர் ஊற்றி வைத்து மறுநாள் காலையில் மோர், சின்ன வெங்காயம். எண்ணிப் பாருங்கள், சாமான் ஆறேழுக்கு மேல் இல்லை. இதை ஒரு சிறுதானியப் புத்தகம் முதல் பக்கத்தில் போட்டிருந்தால் மீதிப் பக்கங்களை மன்னித்துவிடலாம்.

*

இப்போது, சொன்னபடி, அந்த மூன்றாவது வகைக்கு வருகிறேன்.

மானிடவியலாளர் அர்ஜுன் அப்பாதுரை 1988ல் இந்தியச் சமையல் புத்தகங்களைப் பற்றி ஒரு பிரபலமான கட்டுரை எழுதினார். நகரத்து நடுத்தர வர்க்கப் பெண்கள் ஒருவருக்கொருவர் குறிப்புகளைப் பரிமாறிக்கொண்டதில் இருந்துதான் 'இந்தியச் சமையல்' என்ற ஒன்றே உருவானது என்பது அவர் வாதம். நியாயம்தான். ஆனால் அந்தப் பரிமாற்றத்தில் யார் உட்காரவில்லை என்று பார்த்தால், சித்தேரி உட்காரவில்லை. எழுதப்பட்டது எல்லாம் தமிழ்ச் சமையல் ஆயிற்று. எழுதப்படாதது 'ஏழைகள் சாப்பாடு' ஆயிற்று. பிறகு ஒரு நாள் திடீரென்று அதுவே 'சூப்பர் ஃபுட்' ஆகி, வேறு யாரோ எழுதி, விலை ஐந்நூறு ரூபாய்.

இதற்கும் உங்கள் செவ்வாய்க்கிழமைக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? நிறைய. குறைவான சாமானில், ஒற்றை அடுப்பில், வேலைக்குப் போய்விட்டு வந்து, இருப்பதை வைத்துச் சமைப்பது எப்படி என்பதை நம்மிடையே மிக நன்றாக அறிந்தவர்கள் இம்மாதிரி ஊர்களில் இருக்கிறார்கள். நாம் தேடும் புத்தகத்தின் சரக்கு அவர்களிடம் இருக்கிறது. இன்றைக்கு அம்பது, அறுபது வயசில் இருக்கும் பெண்களோடு அது நிற்கிறது. அவர்களுடைய பிள்ளைகள் ஹாஸ்டலில் அரிசிச் சோறு சாப்பிட்டுப் படித்து, ஓசூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். 2023 மே மாதம் தர்மபுரி, நீலகிரி மாவட்டங்களின் ரேஷனில் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கும் திட்டம் தொடங்கியது. நல்ல காரியம். நூறு கிராமில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உள்ள தானியம். ஆனால் பையில் கேழ்வரகு வந்து, களியைக் கட்டி தட்டாமல் கிண்டத் தெரிந்த கை வீட்டில் இல்லாமல் போனால், அந்த இரண்டு கிலோ என்ன ஆகும்? தானியத்தைத் திரும்பக் கொண்டுவர அரசாங்கத்தால் முடியும். பக்குவத்தைத் திரும்பக் கொண்டுவர ரேஷன் கார்டில் இடமில்லை.

மீனாட்சி அம்மாளுக்கு 'எழுதிவிடேன்' என்று சொல்ல ஒரு மாமா இருந்தார். பெத்தத்தாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்ள இரண்டு பேர் இருந்தார்கள். மலையில் அம்மாதிரி ஒருவர் ஆறு மாசம் உட்கார்ந்தால் போதும். கலர்ப் படம் வேண்டாம், முன்னுரையில் அமைச்சர் வேண்டாம். எந்த மாசத்தில் எந்தக் கீரை, எதோடு எது சேரும், களி வெந்ததற்கு என்ன அடையாளம் (ஈரக் கையால் தொட்டால் ஒட்டக் கூடாது என்பார்கள்), மிஞ்சினதை என்ன செய்வது. எழுதினவர் பெயர் அட்டையில் பெரிசாகவும் சமைத்தவர் பெயர் உள்ளே நன்றியுரையிலும் வரக் கூடாது. தலைகீழாக வர வேண்டும்.

அதுவரை கடைக்குப் போகும்போது இவற்றைப் பார்த்து வாங்குங்கள். நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, அதில் உள்ள சாமான்களில் இப்போது உங்கள் வீட்டில் இல்லாதது எத்தனை என்று எண்ணுங்கள். மூன்றுக்கு மேல் போனால் மூடிவிடுங்கள். ஊறவைக்க வேண்டியதை முதல் வரியில் சொல்கிறதா, பாதியில் சொல்லிக் கழுத்தை அறுக்கிறதா என்று பாருங்கள். 'ஒரு கப்' என்றால் எந்தக் கப் என்று எங்காவது சொல்லியிருக்க வேண்டும். நேரத்தோடு அடையாளமும் இருக்க வேண்டும். மிஞ்சினதற்கு வழி இருக்க வேண்டும். சாதம் வடிப்பது, பருப்பு வேகவைப்பது, புளி கரைப்பது போன்ற 'இதெல்லாம் தெரியாதா' சமாசாரங்கள் வெட்கப்படாமல் இருக்க வேண்டும். புதிதாகக் குடித்தனம் ஆரம்பிக்கும் பெண்ணுக்கு மட்டுமில்லை, பையனுக்கும் வாங்கிக் கொடுங்கள். புத்தகத்துக்கு அந்த பேதம் தெரியாது.

இவ்வளவும் தேறினால் வாங்கிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் அட்டை போடாதீர்கள். அடுப்புக்குப் பக்கத்தில் வையுங்கள். கறை படியட்டும்.